வீரமலையின் கட்டைவிரல்

1957 ஜூன் மாதம் ஃப்ளூ ஜுரம் திருச்சிக்கு வந்தபோது, எங்கள் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்களில் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த ஒரே கண்டக்டர் வீரமலைதான். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து, ஓரம் தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்து அவர் மனைவி மயிலம்மாள் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் காலை ஒன்பது மணிக்கு வேறென்ன சந்தோஷம் கிடைத்துவிடப் போகிறது?

வீரமலை மருங்காபுரிப் பக்கத்து ஆள். மழையை நம்பிய நிலம் சோறு போடாது என்று தெரிந்து ஊரை விட்டு வந்தவர். முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த சில நாளில் போய்விட்டன. பதினொரு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்து, அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. வள்ளிக்கண்ணு என்று பேர் வைத்திருந்தார். அவர் வாய்த்துணி கட்டியது தனக்காக இல்லை, அவளுக்காக.

பாதிக் கண்டக்டர்கள் படுத்துவிட்டதால் அவருக்கு இரட்டை வேலை. விடியலில் ஏறினால் பொழுது சாயும்வரை அதே ராயகோபுரம், திருவானைக்காவல், மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சத்திரம். துணிக்குள்ளிருந்து அவர் சொல்லும் ஸ்டாப் பெயர் யாருக்கும் புரியாது. விசில் ஊதினால் துணியை இறக்க வேண்டுமே என்று பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டித்தான் நிறுத்துவார். சாயங்காலம் அவரைப் பார்த்தால் கண் மட்டும்தான் தெரியும். அதுவும் பாதி மூடியிருக்கும்.

வீட்டிலும் துணியை அவிழ்ப்பதில்லை என்று ஒருநாள் சொன்னார். குழந்தைக்கு முத்தம் கிடையாது. தூக்கினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அவர் கட்டைவிரலைச் சப்பினால்தான் அவள் தூங்குவாள். ஒரு சொம்புத் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு, ராத்திரி அரை மணி நேரம் விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அந்த அரை மணிதான் தனக்கு ஓய்வு என்றார்.

அக்னஸ் என்று ஒரு நர்ஸ் எங்கள் பஸ்ஸில் வருவாள். பதினைந்து நாளாக வார்டில் ஓயாத வேலை. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அன்றைக்கு ஏனோ தூங்காமல் வீரமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிட்டே வந்ததும், கோபமே இல்லாத ஒரு குரலில் கேட்டாள்.

"வாயைக் கட்டிட்டீங்க, சரி. விரலை யாருங்க கட்டுறது?"

வீரமலையின் கட்டைவிரல் அப்போது துணிக்குள் இருந்தது. டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் துணிக்கு அடியில் விரலை விட்டு நாக்கில் நனைத்துக்கொள்வார். ஜுரக்காரன் கையிலிருந்து சில்லறை வாங்கிய விரல், நேரே நாக்குக்கு. நாக்கிலிருந்து டிக்கெட்டுக்கு. நாளெல்லாம் அப்படித்தான்.

அவர் விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க தினம் எதிர்லதானே உக்காருறீங்க. பாக்கலையா?"

பார்த்திருந்தேன், தினமும். டிக்கெட் என்றால் அப்படித்தான் கிழிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். ஆபீஸில் நான் ஃபைல் புரட்டுவதும் அப்படித்தான். போதாக்குறைக்கு, கையில் சாப்பாட்டுக் கேரியர் இருந்ததால் அவர் கொடுத்த டிக்கெட்டை அந்த நேரம் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். படித்தவன் என்று அவர் என்னை மதித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் வாயில் ஒரு துணி, வலது கட்டைவிரலில் ஒரு துணி. மாற்றுக்கென்று மயிலம்மாள் தைத்துப் பையில் வைத்திருந்த இன்னொரு வாய்த்துணியை வெட்டிச் சுற்றியிருந்தார். அதை ஒரு சின்ன டப்பாத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழித்தார். ஜனங்கள் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை திருவானைக்காவல் ஸ்டாப்பில் மயிலம்மாள் தனியாக நின்றாள். குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஜுரம், எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். வீரமலை அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. லீவு போடுங்கள் என்றேன். போய் என்ன செய்வேன், கிட்டே போக முடியாதே என்றார்.

அதற்குப் பிறகு தினமும் அதே ஸ்டாப், அதே நேரம். மயிலம்மாள் தள்ளி நின்று, ஜுரம் இறங்கவில்லையென்று தலையை ஆட்டுவாள். அவர் தகரத்தைத் தட்டுவார். பஸ் கிளம்பும். பாலம் வரும்வரை அவர் யாருக்கும் டிக்கெட் கொடுக்க மாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். நாலு நாளில் நாங்களே களைத்துப்போய்விட்டோம்.

ஏழாம் நாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். துரும்பாக இளைத்திருந்தது, ஆனால் கண்ணை விழித்துப் பார்த்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். வீரமலை இறங்கவில்லை. படியில் நின்றே பார்த்துவிட்டுத் தகரத்தைத் தட்டினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து நாள் ஷெட்டிலேயே இருந்தார். ஜுரமும் ஊரில் ஓய்ந்தது. ஒருநாள் காலை வாய்த்துணி இல்லாமல் வந்தார். முகம் முழுசாகத் தெரிந்தபோது ஏழெட்டு வயது கூடியவர் மாதிரி இருந்தார். விரல்துணி மட்டும் அப்படியே இருந்தது. 1962-ல் துறையூர் லைனுக்கு மாற்றிக்கொண்டு போகும்வரை அதை அவர் விடவில்லை.

வாய்த்துணி இல்லாமல் வந்த அன்று, வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"போனேன் சார். வெந்நீர் வெச்சு, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவினேன். துணியெல்லாம் அவுத்துட்டு விரலைக் கொடுத்தேன். தள்ளி விட்டுட்டா. திரும்பிப் படுத்துத் தானாத் தூங்கிட்டா. நான் இல்லாமப் பழகிட்டா சார்."

பிழைத்துவிட்டாளே, அது போதாதா என்றேன்.

போதும் என்று தலையாட்டினார். துணி சுற்றிய விரலை டப்பாவில் நனைத்து என் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். கேரியரைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையில் வாங்கிக்கொண்டேன்.