சரிவின் வலது ஓரம்

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. மலைச்சரிவைப் படம் எடுத்தால் அதில் மனித வாடையே இருக்கக்கூடாது. தேயிலை வரிசைகள், கொஞ்சம் மூடுபனி, அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் தெரிந்தாலும் எரிச்சல் வரும். அந்த வரிசைகளைக் கவாத்து செய்து ஒழுங்காக வைத்திருப்பதே மனிதர்கள்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சில வருஷங்களுக்கு முன், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வித்துரா தாண்டி ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். வெளிச்சம் சரியாக விழுந்த நேரம் பார்த்து, சரிவின் நடுவே ஓர் அம்மாள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். எதிர்மேட்டிலிருந்து கையை வீசி, வலப்பக்கம் விலகும்படி சைகை காட்டினேன். மறுபேச்சில்லாமல் போனார். படத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் படம் கழக்கூட்டம் என்ற ஊரில் உள்ள எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் பெரிதாக மாட்டப்பட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

போன மாதம், அங்கே புதிதாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த பெண், துடைக்கிற துணியோடு அதன் முன் நின்றிருந்தாள்.

"இது சார் எடுத்ததா? இது எங்க எஸ்டேட்டாக்கும். சிவப்புத் தொப்பி வச்ச ஒருத்தர் போட்டோ எடுத்தாருன்னு எங்கம்மை எப்பவும் சொல்லுவா. பாறைப் பக்கம் போய் நிக்கச் சொல்லி கை காட்டினாராம். சார்தானா அது?"

தொப்பி என்னுடையதுதான்.

"அம்மை போன வருஷம் மரிச்சுப் போச்சு, சாரே. ரேஷன் கார்டுல உள்ள படம்தான் இருக்கு. அதுல மூஞ்சியே தெரியல. அன்னிக்கு எடுத்தது சார்கிட்ட இருக்கும், இல்லியா?"

விரட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று நழுவினேன். வீட்டுக்கு வந்து, வெட்டித் திருத்துவதற்கு முந்தைய படத்தைத் திறந்தேன். வலது விளிம்பில், பாறையை ஒட்டி, கூடையின் கயிறு, ஒரு தோள், ஒரு கை. நான் அழகுக்காக வெட்டி எறிந்த துண்டு. முகம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. எவ்வளவு பெருக்கினாலும் வரவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் லேப்டாப்பை அவளிடம் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நிற்கச் சொல்லவில்லை, விலகத்தான் சொன்னேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையைச் சரிசெய்து, விரல்களைச் சேர்த்து, தொடையோடு ஒட்டி விறைப்பாக வைத்திருந்த கை.

"போட்டோவுக்குன்னுதான் நின்னிருக்கா, சாரே" என்றாள்.