பொருந்தியதும் நல்லதும்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பதினெட்டு முடிந்ததும் தாய்மாமனுக்கே கட்டி வைத்தார்கள். தோட்டம் வெளியே போகக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். எங்கள் இருவர் இரத்தத்திலும் பாதியாக ஒளிந்திருந்த தலசீமியா என்ற இரத்தநோய், மகளிடம் முழுதாக வந்து சேர்ந்தது.

மாதம் தவறாமல் தேனிக்குக் கூட்டிப் போய் இரத்தம் ஏற்றுவோம். வழியில் சின்னமனூரில் பஸ் கொஞ்சம் நின்றாலே எழுந்துபோய் டிரைவரை அவசரப்படுத்துவேன். அவளுக்குப் பொருந்துகிற தம்பியோ தங்கையோ பிறந்தால், எலும்பு மஜ்ஜை எடுத்து வைத்துக் குணமாக்கலாம் என்றார் மதுரை டாக்டரம்மா. கருவை வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் உண்டாக்கி, வயிற்றில் வைப்பதற்கு முன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமாம்.

ஐந்தாம் நாள் கருவைத் திரையில் காட்டினார். நுரைக்குமிழி போல இருந்தது. உள்ளே ஒட்டியிருக்கிற சின்னக் கட்டி பிள்ளையாகும், சுற்றுச்சுவர் நச்சுக்கொடியாகும், சோதனைக்குச் சுவரில்தான் கிள்ளுவோம் என்றார்.

“கிள்ளுன பிள்ளைக்கு அப்புறம் கொற எதுவும் வராதுல்ல?” திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கூட வந்திருந்த என் அம்மா சிரித்தாள். என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா. “கொத்துல பிஞ்சக் கத்திரிச்சு விட்டாத்தான் மிச்சப் பழம் பருக்கும். திராட்சத் தோட்டத்துக்காரி கேக்குற கேள்வியப் பாருங்க.”

சோதனை முடிவு வந்தது. இரண்டு கருக்கள் மகளைப் போலவே. அவற்றை வைப்பதில்லை என்றார்கள். நோயில்லாதவை இரண்டு. ஒன்று மகளுக்குப் பொருந்தியது, ஆனால் வளர்ச்சி மந்தம். மற்றது திடமானது, பொருந்தாதது.

“நல்லத வைங்க,” என்றாள் அம்மா. “இருக்கிறவ இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.”

நான் பொருந்தியதைத்தான் வைக்கச் சொன்னேன். மற்றதை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு இருமக்கூடப் பயந்தேன். தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கினேன். கரு ஒட்டவில்லை.

செய்தி வந்த மத்தியானம் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே அவளிடமே சொன்னாள்: “ஒன்னாலதான் போச்சு, ஆத்தா. நல்லத வச்சிருந்தா நின்னுருக்கும்.”

“மெல்லப் பேசுக்கா,” என்றார் வீட்டுக்காரர்.

“ஏன், பொய்யா சொல்றேன்? டாக்டரே சொன்னாகல்ல.”

மகள் சோற்றைப் பிசைந்தபடி என்னிடம் கேட்டாள். “என்னைய மாதிரி இருந்த ரெண்டையும் என்னம்மா செஞ்சாக?”

“வைக்கலம்மா. அதுகளும் மாசாமாசம் ஊசி குத்திக்கணும்ல.”

“நான் குத்திக்கிட்டுத்தான இருக்கேன்?”

நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் ஒரு வாய் தின்றாள்.

“அப்ப நல்லதையே வைங்க. எனக்குப் பொருந்த வேணாம்.”

“பிள்ளைக்கு இருக்கிற வெவரம் இவளுக்கு இல்லையே,” என்றாள் அம்மா.

வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்.

“மதுரைக்குப் போன் போடட்டுமா, ஆத்தா?”