ஆடுவதற்கு ஒரு தரை

நடனம் படித்த வருடங்களில் ஒருநாள்கூட நான் தரையைப் பற்றி யோசித்ததில்லை. பல்கலைக்கழகத்தில் பெரிய மண்டபம் இருந்தது. காலையில் போனால் யாரோ கூட்டித் துடைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் போய் ஆடுவோம். தாளம், முத்திரை, முகபாவம் என்று மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். கவலைப்படுவது என் சுபாவம். ஆனால் தரை ஒரு கவலையாகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பட்டத்தோடு வந்து, கல்யாணமாகி, மகள் பிறந்து, ஆசிரியர் நியமனம் இதோ வருகிறது என்று காத்திருந்தபோதுதான் அது புரிந்தது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில், ஒரே கூரையின்கீழ் நீளும் வரிசை வீடுகளான லயத்தில், என் கணவரின் வீட்டில் இருக்கிறோம். அவருக்கு ருவான்வெல்லையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வீட்டின் முன்னறையில் கட்டில், தொலைக்காட்சி, மகளின் மூன்று சக்கர சைக்கிள். இவை போக மிஞ்சும் இடத்தில் அரைமண்டியில் நிற்கலாம். கையை நீட்டினால் அலுமாரி இடிக்கும்.

அதையும் சமாளித்திருப்பேன். சமாளிக்க முடியாதது சுவர். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். பக்கத்து வீட்டு அக்கா இறப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மலைக்குப் போய், மரம் மரமாக வெட்டி, பாலைச் சேர்த்து, பகலில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, இரண்டு மணிபோலப் படுப்பார். என் மகள் தூங்குவதும் அப்போதுதான். காலையில் சமையலும் பிள்ளையும் போக, பாடசாலைகளுக்கு ஓடிப்போய் விழாக்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு வருவேன். ஆக, எனக்கென்று காலைத் தூக்கி வைக்கக் கிடைக்கும் ஒரே நேரம் அக்காவின் தூக்க நேரம். மகள் எந்தச் சத்தத்துக்கும் எழும்ப மாட்டாள், வயிற்றிலிருந்தே பழகியவள். அக்கா எழும்புவார். சுவரில் தட்டுவார். ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏன் புள்ள, செவுத்துல இருந்த சாமிப் படம் விழுந்திருச்சு."

"மன்னிச்சிருங்கக்கா. மெதுவாத்தான் மிதிச்சேன்."

"மெதுவா மிதிச்சதுக்கே சாமி விழுந்துட்டாரு. நீ வேகமா மிதிச்சா நானும் கட்டில்ல இருந்து விழுவேன்."

அதன்பிறகு நான் பாயை விரித்து, அதன்மேல் சத்தமில்லாமல் பாதம் வைத்துப் பழகினேன். பரதத்தில் மிதிக்காமல் ஆடுவது, உதட்டை மட்டும் அசைத்துப் பாடுவதுபோல. பார்க்க ஆடுவதுபோல இருக்கும். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் பிள்ளைக்காம்பரா வேலை வந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பொறுப்பாக இருந்தவர் விலகிவிட்டார். தோட்டத்தின் பீல்ட் ஒபிசர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். சிங்களவர், எங்கள் தமிழை அவருக்கே உரிய முறையில் பேசுவார். "நீங்க படிச்ச ஆள்தானே. எடுங்க. மாசக் கடைசிக்கு முந்தி பதில் வேணும்."

எல்லோரும் எடு என்றார்கள். மாதச் சம்பளம், வீட்டிலிருந்து நாலு எட்டு நடக்கும் தூரம், மகளும் கூடவே இருப்பாள். எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனால் காலை தொடங்கி மாலை வரை அங்கே இருந்தால் பாடசாலைகளுக்குப் போக முடியாது, திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஆடப் போக முடியாது. இரண்டு வருடத்தில் என் கால்கள் மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கணவரிடம் கேட்டேன்.

"ஒனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

"எது சரின்னு தெரியாமத்தானே ஒங்ககிட்ட கேக்குறேன்."

"ரெண்டுமே சரிதான்."

நல்ல மனிதர். ஆனால் முடிவெடுப்பதற்கு அவரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதே வாரம் எஹலியகொடவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. கல்யாண மண்டபம் நடத்தும் ஒரு சிங்கள அம்மா. ஒரு மணப்பெண்ணுக்கு 'இந்தியன் டான்ஸ்' வேண்டுமாம். நான்கு பேர் மலர்த்தட்டோடு ஆடி, மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வர வேண்டும். நன்றாக வந்தால் இப்படிக் கேட்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் எங்களையே கூப்பிடுவாராம். கல்யாணம் மாசக் கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை. பிள்ளைக்காம்பராவுக்குப் பதில் சொல்ல வேண்டியது மறுநாள்.

நான் எனக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அந்த அம்மா திரும்பக் கூப்பிட்டால் ஆட்டம். கூப்பிடாவிட்டால் பிள்ளைக்காம்பரா. முடிவை இன்னொருவர் கையில் விட்டதில் பெரிய நிம்மதி.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மூன்று பிள்ளைகளைச் சேர்த்தேன். பாடசாலையில் என்னிடம் ஆடியவர்கள். இனி நால்வரும் சேர்ந்து ஆட ஓர் இடம் வேண்டும். கோயில் மண்டபத்தில் திருத்த வேலைக்காகச் சீமெந்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் தூங்கும். வெளியே ஆடலாம் என்றால் எங்கள் தோட்டத்தில் சமதரை என்று எதுவும் கிடையாது. எல்லாமே ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

மிஞ்சியது பால் கொட்டகை. மலையிலிருந்து வரும் பாலை நிறுத்து, பவுசர் லொறியில் ஏற்றி அனுப்பும் இடம். அகலமான சீமெந்துத் தரை. ஆனால் உள்ளே அமோனியா, அசிட் எல்லாம் இருப்பதால் வேலை முடிந்ததும் பீல்ட் ஒபிசர் பூட்டிவிடுவார். மழை நாளில் மட்டும் திறந்திருக்கும். மழைக்குப் பால் வெட்ட முடியாது. அவர் உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுவார். நான் ஒரு மழைக் காலையில் குடையோடு போய், பலமுறை மனதுக்குள் ஒத்திகை பார்த்த சிங்களத்தில் கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"ஆடுங்க. மழைக்கு எனக்கும் சும்மாதானே."

எங்கள் சபரகமுவ மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. அந்த வாரம் மூன்று நாள் ஆடினோம். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பாட்டுக் கேட்காது. நான் தட்டுக்கழியால் தட்டித் தட்டியே நடத்தினேன். பாட்டு ஒரு ஹிந்திப் பாட்டு. அதன்மேல் என் அடவுகளை ஒட்டியிருந்தேன். எனக்குப் படிப்பித்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தினமும் நினைத்தேன், தினமும் ஆடினேன்.

ஆனால் இன்னொன்று மனதை உறுத்தியது. மழை பெய்தால் அக்காவுக்குப் பேர் விழாது. அன்றைய சம்பளம் போய்விடும். லயத்தில் எல்லோரும் காலையில் வானத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நானும் சேர்ந்து சுளித்துவிட்டு, உள்ளே வந்து சலங்கையை எடுத்துப் பைக்குள் வைப்பேன். என்னைப்போல ஒரு பக்கத்து வீட்டுக்காரி யாருக்கும் கிடைக்கக் கூடாது.

எனக்குத் தண்டனைபோல மழை நின்றது. ஒருவாரம் நல்ல வெயில். கொட்டகை பூட்டிக் கிடந்தது. வாசலில் நின்று மேகம் தேடிக்கொண்டிருந்த என்னை அக்கா பிடித்துவிட்டார்.

"என்ன புள்ள, வானத்தையே பாக்குற. மழ வந்தா என் பேர் போயிரும். வராட்டி ஒன் ஆட்டம் போயிரும். சாமி யாரு பக்கம் நிப்பாரு?"

"ஒங்க பக்கம்தான்க்கா."

"பொய் சொல்லாத. சலங்கப் பைய தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிற."

தோளிலிருந்து பையை இறக்கினேன். அவர் விடவில்லை. "கொட்டக இல்லாட்டி நாலு பேரும் வீட்டுக்குள்ளதான் குதிக்கப் போறீங்க, இல்லையா?"

"வேற எடம் இல்லீங்களேக்கா."

"அப்ப நான் செத்தேன்."

மறுநாள் பால் நிறுக்கும் நேரத்தில் அவர் பீல்ட் ஒபிசரிடம் பேசினார். நான் அங்கே இருந்தேன். அக்காவின் சிங்களம் தண்ணீர்போல ஓடும். பவுசர் போனதும் தரையைக் கழுவுவது முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் செய்யும் வேலை. கல்யாண நாள்வரை அதைத் தினமும் தானே செய்வதாகவும், சாவியைத் தன்னிடம் விட்டால் நான்கு மணிக்குள் அவர் குவாட்டர்ஸில் சேர்ப்பதாகவும் சொன்னார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "எனக்குத் தூங்கணும் மாத்தயா" என்று மட்டும் பதில் வந்தது. அவர் சிரித்துவிட்டு, ஏதாவது காணாமல்போனால் அக்காவின் பெயரில்தான் எழுதுவேன் என்றார்.

அக்கா தரையைக் கழுவினார், சாவியை என் கையில் வைத்தார், தூங்கப் போய்விட்டார்.

ஆட இடம் கிடைத்தது. எனக்கு அடுத்த கவலையும் கிடைத்தது. வேலை நடந்த நாளில் கொட்டகைக்குள் அமோனியா மணம் கண்ணைக் கரிக்கும். மழை நாளில் அது இல்லை. நாங்கள் தாங்குவோம், மகளுக்கு ஆகுமா? கைபேசியில் தேடிப் பார்த்தேன். முதல் இரண்டு வரி படித்துவிட்டு மூடினேன். அவளை உள்ளே விடுவதில்லை என்று முடிவு. வெளியே பலாமர நிழலில் பாயைப் போட்டு, நால்வரில் ஒருவர் மாறிமாறி அவளோடு இருப்போம். மற்ற மூவர் ஆடுவோம். நாலாவது ஆள் நிற்கும் இடத்தில் ஒரு பால் வாளியைக் கவிழ்த்து வைத்தோம், இடம் மாறாமல் இருக்க. வாளி யாராக இருக்கிறது என்பது தினமும் மாறும்.

"இன்னைக்கு வாளி டீச்சரா?"

"ஆமா. வாளியப் பாத்து சிரிச்சுக்கிட்டே ஆடுங்க."

நன்றாகவே வந்தது. பயப்பட ஒன்றும் இல்லையே என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கணவர் லீவு எடுத்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் நால்வரும் மேக்கப்போடு பின்னால். ருவான்வெல்லை தாண்டும்போது ஒரு பிள்ளை மெல்லச் சொன்னாள்.

"டீச்சர், மழ நின்ன பொறகு நாம நாலு பேரும் ஒண்ணா ஆடவே இல்லதானே."

மழை நாட்களில் பழகியது முதல் பாதி மட்டும். தட்டை ஏந்திச் சுழலும் கடைசிப் பகுதியை நான் வெயில் நாட்களில்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பகுதியை நால்வராக ஒருமுறைகூட ஆடவில்லை. ஒருவர் எப்போதும் வாளி. வாளி கையை நீட்டாது.

"பரவால்ல," என்றேன், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "கைய கொஞ்சம் உள்ளுக்கு எடுங்க."

கணவர் திரும்பிப் பார்த்து, "வாளியக் கொண்டுவந்திருக்கலாம்" என்றார். அவரை முறைத்தேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு நல்லதற்குத்தான். அதுவரை மூவரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள்.

மண்டபத்தின் டைல் தரையில் முகம் தெரிந்தது. மேளம் அடங்கி எங்கள் பாட்டுத் தொடங்கியது. முதல் பாதி அழகாகப் போனது. கடைசிப் பகுதியில் நாங்கள் சுழன்றபோது, நான் கையை உள்ளே எடுக்கச் சொன்னதை மூவரும் நினைவில் வைத்திருந்தார்கள். மறந்தது நான். என் தட்டு பக்கத்துப் பிள்ளையின் தட்டில் டங்கென்று மோதி, அரளிப் பூவெல்லாம் மாப்பிள்ளையின் சப்பாத்துக் காலில் கொட்டியது. அந்தப் பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வெறும் தட்டை நிறைந்த தட்டுப்போல ஏந்திக்கொண்டு அடுத்த அடவுக்குப் போனாள். நானும் போனேன். மேடைவரை சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

சனம் கைதட்டியது. நான் நேராகப் பின்னறைக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டேன். பிள்ளைக்காம்பராவுக்கு என்ன சேலை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது மண்டபத்து அம்மா வந்தார். சிங்களத்தில் கேட்டார், தட்டு இரண்டும் மோதியதுதானே என்று. பொய் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. ஆமாம் என்றேன். எங்கே பழகுகிறீர்கள் என்றார். பால் கொட்டகையில் என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

இங்கே வருகிற சிலர் பிழைவிட்டால் நின்றுவிடுவார்கள், என்றார். நின்றால் கல்யாணம் முழுக்க நின்றமாதிரி இருக்கும். நீங்கள் நிற்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு கல்யாணம் இருக்கிறது, வருவீர்களா? ஆனால் அந்தக் கடைசிப் பகுதியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் பாடினார்கள். எனக்குத்தான் பாட வரவில்லை. அவர் கூப்பிட்டுவிட்டார், ஒப்பந்தப்படி முடிவு வந்துவிட்டது. ஆனால் இரண்டு கல்யாணம் ஒரு மாதத்துக்கு. அதற்கடுத்த மாதம்? மழைக்காலத்தில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மகளுக்குக் காய்ச்சல் வந்தால்? முடிவை யார் கையில் கொடுத்தாலும் அது சுற்றிச் சுற்றி என் மடிக்கே வந்தது.

மறுநாள் பகல், பவுசர் புறப்பட்டதும் கொட்டகைக்குப் போனேன். பீல்ட் ஒபிசர் பூட்டுவதற்காக நின்றார்.

"பிள்ளைக்காம்பரா வேலைய நான் எடுக்கல்லீங்க."

"மாசச் சம்பளம் வேண்டாமா? ஈ.பி.எஃப். எல்லாம் இருக்கு. பைத்தியமா?"

"தெரியல்லீங்க," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. "ஆனா எனக்குச் சாவி வேணும். கிழமைக்கு ரெண்டு நாள். அக்கா பேருல இல்ல, என் பேருல."

அவர் சாவியைக் கையில் போட்டு உருட்டினார். "அப்ப அந்த ரெண்டு நாள் கழுவுறது யாரு?"

"நான்தான்."

"இன்னைக்கே?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். காய்ந்த பால் தரையில் தோல்போல ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. இடையில் நின்று, செய்தது சரிதானா என்று யோசித்தேன். மூலைப் பக்கம் இன்னும் கழுவ வேண்டியிருந்தது.