எழுபத்து நான்காம் நம்பர் பஸ்ஸும் பெரிலின் நன்றியும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பக்கம் போகும் 74-ஆம் நம்பர் பஸ்ஸில் ஓட்டுநருக்கு அடுத்தபடியாக அதிகாரம் யாருக்கு என்று கேட்டால், பெரில் ஸ்டாக்டேலுக்கு என்பார்கள். சில புதன்கிழமைகளில் ஓட்டுநருக்கும் மேலே.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை லைசென்ஸ் பரீட்சைக்குப் போனார். மூன்றாம் முறை, பரீட்சை வைத்த அதிகாரி பாதி வழியில் இறங்கி ஆபீஸுக்கு நடந்தே போய்விட்டார். "நடக்கறது அவருக்கும் நல்லதுதானே" என்று பெரில் இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். தட்டோடு நிற்கும் முந்நூறு பிள்ளைகளை ஓர் அதட்டலில் அடக்கிய குரல் அது. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு ஊரில் எல்லோரும் 'கண்ணு'தான்.

கணவர் டெட் இறந்த வருடம், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு புதன்கிழமை சுவருக்கே சலித்திருக்கும் என்று தோன்ற, எழுந்து போய் எந்த பஸ் முதலில் வந்ததோ அதில் ஏறினார். கெல்பெக் பாலத்தில் இறங்கினார். எதிரே ஒரு பண்ணை, அதன் கல்சுவரை ஒட்டி ஒரு தடம், தடத்தின் முடிவில் மலை. நடந்தார். அழுதுகொண்டேதான் ஏறினார், இறங்கும்போது நல்ல பசி. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரியை இழுத்து வந்தார். இரண்டு வருடத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரிடமும் கார் கிடையாது.

பெரிலின் சட்டம் இரண்டே. திறந்த கேட்டை மூட வேண்டும். நாலு நாற்பது பஸ்ஸுக்கு வந்து சேர வேண்டும், ஏனென்றால் அதுதான் கடைசி பஸ். ஓய்வுபெற்ற தபால்காரர் கிளிஃபர்ட் ஒருமுறை புதர்ப்பக்கம் ஒதுங்கித் தாமதித்து, ஏழு மைலும் நடந்து ஊர் வந்து சேர்ந்தார். மற்ற பதினோரு பேரும் பஸ் ஜன்னலிலிருந்து அவருக்குக் கையாட்டியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பாலத்தில் இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநரிடம் "தேங்க்ஸ்" சொல்லி இறங்கவே இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தையும் ஓட்டுநர்கள் கணக்கில் வைத்தே வண்டி ஓட்டினார்கள்.

பண்ணைக்காரர் ஜோ ஆல்டர்சன் பேசாத மனிதர். சுவருக்குக் கல் அடுக்கிக்கொண்டிருப்பார், ஆட்கள் வந்தால் நிமிர்ந்து ஒரு விரலைத் தூக்குவார், மறுபடி குனிந்துகொள்வார். இருபத்தோரு வருடத்தில் மொத்தம் நாற்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அதில் முப்பது மழையைப் பற்றி. கிறிஸ்துமஸுக்குப் பெரில் செய்யும் பழக்கேக்கில் பாதி பஸ் ஓட்டுநருக்கு, மீதிப் பாதி ஒரு துண்டு சீஸோடு ஆல்டர்சனுக்கு.

ஆல்டர்சன் ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வாரிசுகள் பண்ணையை விற்றார்கள். வாங்கிய ஹார்கிரேவ் என்ற நகரத்து மனிதர் முதல் வாரமே தடத்தின் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மலைக்குப் போக மீதியிருந்த வழி, ஓரமே இல்லாத மெயின் ரோடு. கல்குவாரி லாரிகள் அதில் பறந்தன.

"அந்த ரோட்ல நடந்தா மலைக்குப் போக மாட்டோம். நேரா பரலோகந்தான்" என்றார் கிளிஃபர்ட்.

ஆனால் நாட்டில் சட்டம் இருந்தது. ஒரு தடத்தில் ஜனங்கள் இருபது வருடம் ஒளியாமல், சண்டை போடாமல், யாருடைய அனுமதியும் வாங்காமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. அனுமதி வாங்கி நடந்திருந்தால் மட்டும், நூறு வருடம் நடந்திருந்தாலும் அது சொந்தக்காரரின் தயவுதான். பன்னிரண்டு பேரும் மனு போட, உள்ளூர்க் கவுன்சில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தது. 'அனுமதி பெற்றீர்களா?' என்ற கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்கள். பெரிலும் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கீழே இடம் காலியாக இருந்தது. மனிதர் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லாமல் காகிதத்தை அனுப்ப மனம் வரவில்லை. தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: 'திரு. ஆல்டர்சன் எங்களை அன்போடு போகவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி.'

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு ஹார்கிரேவின் வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டில் முதல் பக்கத்திலேயே அந்த வரி தடித்த எழுத்தில் இருந்தது.

"போகவிட்டார்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியே பெரில்!" கிளிஃபர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "மத்த பதினோரு பேரும் கட்டத்துல கோடு கிழிச்சிட்டு சும்மா இருந்தோம். உனக்கு மட்டும் எதுக்கு இந்த இலக்கிய சேவை?"

பன்னிரண்டு பேரின் புதன்கிழமையைத் தன் ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பெரில் தன்னையே நொந்துகொண்டார். அந்த வாரம் உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, பஸ் ஏறிப் போய், லாரிகளைத் திட்டிக்கொண்டே மெயின் ரோட்டில் அரை மைல் நடந்து திரும்பினார்.

விசாரணை கெல்பெக் கிராம மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் அரசாங்கம் அனுப்பிய அதிகாரி, ஒரு நரைத்த பெண்மணி. ஹார்கிரேவின் வக்கீல் இளைஞர், நல்ல வளர்ப்பு. அதட்டிப் பேசவே இல்லை.

"இருபத்தோரு வருஷமா அந்தப் பாதையில போயிருக்கீங்க, இல்லையா?"

"ஆமா. பனிப்புயல் அடிச்ச ரெண்டு வாரத்தைத் தவிர."

"நன்றி, மிஸஸ் ஸ்டாக்டேல். ஆல்டர்சனைப் பார்க்கும்போது என்ன சொல்வீங்க?"

"தேங்க்ஸ் சொல்லுவேன்."

"நன்றி. அவருக்கு வருஷா வருஷம் கேக் குடுத்தீங்க?"

"குடுத்தேன். நல்ல கேக்."

"நன்றி. இந்த வரி உங்க கையெழுத்துதானே?" படித்துக் காட்டினார். "அன்போடு போகவிட்டார். நன்றி. கேக். அவரோட தயவுலதான் போனோம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. சரிதானே?"

பெரில் கிளிஃபர்டைப் பார்த்தார். கிளிஃபர்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெரிலின் தொண்டையில் அந்தப் பழைய சமையலறைக் குரல் வந்து உட்கார்ந்தது.

"கண்ணு, நீ இங்க எதுல வந்தே?"

"கார்ல."

"அதான் உனக்குத் தெரியல. நான் 74-ல வந்தேன். டிக்கெட்டுக்குக் காசு குடுத்த காலத்துலயும் சரி, இப்ப பாஸ் காட்டறப்பவும் சரி, இறங்கும்போது டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லுவேன். எல்லாரும் சொல்லுவாங்க. பஸ்ல ஏற எனக்கு உரிமை இல்லாமலா சொல்றேன்? கேக்ல பாதி அவருக்குத்தான் போகுது. அதுக்காக பஸ் அவரு வீட்டு சொத்தா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஜோகிட்ட நான் ஒரு நாளும் போகட்டுமான்னு கேட்டதில்ல. அவரும் போன்னு சொன்னதில்ல, போகாதேன்னும் சொன்னதில்ல. மழை வரும்னு சொல்லுவாரு. நல்ல மனுஷன், செத்துட்டாரு, நாலு நல்ல வார்த்தை எழுதினேன். மரியாதை தெரிஞ்சவங்களுக்குப் பாதை கிடையாதுன்னு சட்டத்துல இருந்தா எனக்குக் காட்டு." பெரில் மூச்சு வாங்கினார். "இத்தனை நேரத்துல நீயே எனக்கு மூணு தடவ நன்றி சொல்லிட்டே. நான் உன் அனுமதியோடயா இங்க உட்கார்ந்திருக்கேன்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு மண்டபத்துக்கே தெரிந்தது. "வேற கேள்வி உண்டா?" என்று வக்கீலைக் கேட்டார்.

"இல்ல மேடம். நன்..." என்று ஆரம்பித்த வக்கீல் காது சிவக்க நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை மண்டபம் முழுக்கச் சிரித்தது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அது பொதுப்பாதை. பத்தொன்பது பக்கத் தீர்ப்பில் ஒரு பத்தி முழுக்க 'திருமதி ஸ்டாக்டேலின் நன்றி' பற்றியே இருந்தது. பெரில் அந்தப் பக்கத்தை டெட்டின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அடுத்த புதன்கிழமை பன்னிரண்டு பேரும் பாலத்தில் இறங்கினார்கள். சங்கிலி இல்லை. ஆனால் கேட்டருகே ஹார்கிரேவே நின்றிருந்தார். காற்று பலமாக அடித்தது. கேட் ஆட்களின் மேல் மோதாமலிருக்க அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் கல்போல இருந்தது.

"வாயைத் திறக்காத" என்று கிளிஃபர்ட் முணுமுணுத்தார். "உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன் பெரில். நேரா பார்த்து நட."

பதினோரு பேர் வாயைத் திறக்காமல் கடந்தார்கள். பெரில் கடைசி. பாதை ஜனங்களுடையது, சரி. கேட்டைப் பிடிக்கச் சொல்லி எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லையே. அவர் கால்கள் நின்றன.

"தேங்க்ஸ், கண்ணு."

ஹார்கிரேவ் மலையை அண்ணாந்து பார்த்தார். தாடை ஒருமுறை அசைந்தது. "மத்தியானம் மழை வரும்போல இருக்கு" என்றார்.

கிளிஃபர்ட் திரும்பி நின்று கத்தினார்: "சொன்னது சொல்லிட்டே, போகட்டும். எழுதி மட்டும் குடுத்துடாத தாயே!"