சோளகத்து மட்டைகள்

சுகாதாரத் தகவலியல் என்று இப்போது ஒரு படிப்பு இருக்கிறதாம். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் படிப்பு என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் கரையிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளர் வரவைக் குறிக்கும் அட்டைகளை, எங்கள் பேச்சில் மட்டைகளை, எழுதிய மங்கையற்கரசி அதைச் செய்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அவள் பெருநிலத்து வயற்காரப் பிள்ளை, கடலை அறியாதவள்.

அந்த ஆவணியில் புதிதாக வந்த டொக்டர், மூன்று மாதமாக வராதவர்களின் பிறஷர் மட்டைகளைக் கட்டி மூலையில் போடச் சொன்னார். மட்டை போனால் மாதாமாதம் தரும் மருந்துக் குளிசையும் போய்விடும். என் மனுசன் அமிர்தநாயகத்தின் மட்டையும் அதற்குள் கிடந்தது. அவர் ஏற்கெனவே மீன்பிடி வள்ளத்தில் மயங்கி விழுந்தவர். குளிசை வாங்க நான்தான் போயிருந்தேன்.

“ஏன் அவர் வரேல்லை?” என்றார் டொக்டர்.

“தொழில்” என்றேன். வேறென்ன சொல்வது?

“உங்கட ஆக்களுக்கு உயிரில அக்கறையில்லை.”

“ஒரு மட்டையைப் பாத்தா அப்பிடித்தான் தெரியும் ஐயா. பின்னேரம்வரை பொறுங்கோ” என்றாள் மங்கை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவள் மட்டைகளைச் சீமெந்து நிலத்தில் வரிசையாகப் பரப்பினாள். காற்று அள்ளாமல் நான் சிப்பி வைத்தேன். மாதத்துக்கு ஒரு கட்டம். வந்தவருக்கு அடையாளம், வராதவருக்கு வெறுமை. பார்க்கப் பார்க்க, வற்றுக்கடலில் மணல்திட்டு எழும்புவதுபோல எல்லா மட்டையிலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளை எழும்பி வந்தது. ஒவ்வொரு வருசமும் அதே வெள்ளை.

“அது எந்த மாதம் பிள்ளை?”

“வைகாசியிலயிருந்து ஆடி முடியுமட்டும் அக்கா.”

“அடி விசரி, அது சோளகக் காத்து அடிக்கிற காலமெல்லோ, இந்தக் கரையில தொழில் செய்யேலாது! நாங்கள் குடும்பத்தோட இலுப்பைக்கடவைக் கரைக்குப் போய் வாடிக் குடிசை போட்டெல்லோ இருப்பம்!”

“இத்தினை வருசமா ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“காத்து அடிக்கிறதை ஆரும் போய்ச் சொல்லுவினமே?”

பின்னேரம் வந்த டொக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மட்டைகளுக்கு நடுவே நடந்து, குனிந்து அந்த வெள்ளையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நீர் நேர்சுமில்லை, கிளாக்கருமில்லை. இது என்ன வேலை?”

“நீங்கள் ஒராளின்ர வருத்தத்தைப் பாக்கிறியள் ஐயா. நான் ஊரின்ர வருத்தத்தைப் பாக்கிறன்.”

அடுத்த சித்திரையில், காற்று மாறுமுன், மூன்று மாதக் குளிசையைப் பொட்டலமாகக் கட்டித் தந்தார்கள். அமிர்தநாயகம் அதை வாடியின் கூரையில் செருகி வைத்து, ஒழுங்காக விழுங்கினார், விழுங்க வைத்தேன். திரும்பி வந்து மட்டையைப் பார்த்தால், வைகாசிக் கட்டத்தில் வெறுமைக்குப் பதிலாக மங்கை சின்னதாக ஒரு வள்ளம் கீறியிருந்தாள். ஆனியிலும் ஒன்று, ஆடியிலும் ஒன்று.

அந்த மட்டையில் என்னால் வாசிக்க முடிந்தது அது மட்டும்தான்.