பதினோராம் எண் வில்லை

பதுளையில் லொறிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் எத்தனையோ வந்தன, போயின. என் பட்டறையில் கட்டிய பாடி கொஸ்லந்த வளைவுகளில் இருபது வருஷம் ஓடியும் ஓர் ஆணி கழன்றதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலி வீடுகளின் லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் டவுனுக்கு வந்து, ஒருவர் தயவும் இல்லாமல் மேலே வந்தேன். அலுமினியத்தை வெல்டிங் பண்ண ஊவா மாகாணத்திலேயே அப்போது என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்த அலுமினியம்தான் என்னைத் தண்ணீருக்குக் கொண்டுபோனது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தோட்டத்துத் துரை, முறிந்த அலுமினியப் பாய்மரம் ஒன்றை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கண்டியில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மத்தியானத்தில் ஒட்டிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு மரம், பிறகு சுக்கான், பிறகு மோட்டார். மூன்றாம் வருஷம் அவரே போட் கிளப்பில் என் பெயரை முன்மொழிந்தார். என் அப்பா துரைமார் பங்களாப் படியில் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். நான் அவர்கள் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். லயத்தில் பிறந்து அந்த கிளப்பில் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பெரிது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மகியங்கனைப் பாதையில் மலை இறங்கி, வெக்கை முகத்தில் அடிக்கத் தொடங்கியபின் வருகிற ஒரு நீர்த்தேக்கம். கரையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜெட்டி, பத்துப் பன்னிரண்டு பாய்ப் படகுகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீர் பதுளை பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கும். அக்கரைக் குடியேற்றத்து ஜனங்களைச் சந்தைக்கு ஏற்றி வருகிற பெரிய மோட்டார் வள்ளம், மணல் வள்ளங்கள், யாத்திரைக்கு வந்தவர்களைச் சுற்றிக் காட்டுகிற படகுகள், எங்கே பார்த்தாலும் மீன்வலைக்கு மிதவையாகக் கட்டிய பிளாஸ்டிக் போத்தல்கள். இவற்றுக்கு நடுவே நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போவோம். படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சியும் உண்டு. சந்தைக்குப் போகிற ஜனங்கள் பார்த்துக் கைதட்டுவார்கள். அதில் நான்தான் கெட்டிக்காரன். நீச்சல் தெரியாமலே செய்தேன். இன்றைக்கும் எனக்கு நீச்சல் வராது.

எனக்குப் பாய் பிடிக்கக் கற்றுத் தந்தவர் ஒரு சர்வேயர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள், கடலில் வளர்ந்தவர். பதுளைக்கு வேலையாய் வந்தவர், அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் கேம்ப் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

“உமக்குக் கையில பலம் இருக்கு காணும். கண்தான் இல்லை. காத்தையல்லோ பாக்கோணும், நீர் தண்ணியைப் பாக்கிறீர்” என்பார்.

“காத்து கண்ணுக்குத் தெரியுமாங்க ஐயா?”

“பாயைப் பாரும், அது சொல்லும். நெருப்பைப் பாத்தோ நீர் வெல்டிங் ஒட்டுறனீர்?”

“நெருப்பைப் பாத்துதாங்க ஒட்டணும்.”

“அப்ப நீர் வெல்டிங்கே பண்ணும்” என்று சொல்லிச் சுக்கானைப் பிடுங்கிக்கொள்வார்.

இப்போது போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் அணைக்கட்டில் காவல் இருந்த ராணுவம், தண்ணீரில் எத்தனை பேர் என்று எந்நேரமும் தெரிய வேண்டும் என்றது. அதற்காகக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மாட்டினோம். ஆளுக்கு ஓர் ஆணி, ஆணியில் எண் போட்ட பித்தளை வில்லை. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பு தெரியத் திருப்ப வேண்டும், கரையேறினால் வெள்ளை. அவரவர் வில்லையை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும் என்பது சட்டம். பின்னால் சமாதானம் என்று சொல்லி ராணுவம் கெடுபிடியைத் தளர்த்தியது. போர்டை நாங்கள் விடவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு வில்லை சிவப்பாய் இருந்தால் மோட்டார் படகு தேடிப் போகும். அத்தனை வில்லைகளையும் வெட்டி எண் கொத்தியது என் பட்டறை. என்னுடையது ஒன்பது. சர்வேயருடையது பதினொன்று.

போர்டைப் பார்த்துக்கொண்டது கொட்டகைக்காரர். பசறைப் பக்கத்துத் தோட்டத்து ஆள், என் வயது இருக்கும். அவரை அந்த வேலையில் சேர்த்ததே நான்தான். என் விரல்களில் பட்டறைக் கரி எத்தனை சோப் போட்டாலும் போகாது, வில்லையின் வெள்ளையில் என் பெருவிரல் அப்படியே பதிந்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் சாயந்திரம் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார்.

“தொரமாரு வில்லையெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஒங்களுது மட்டும் கரி பத்திக் கெடக்கு மொதலாளி.”

“அந்தக் கரிதான்ப்பா என்னைய இங்க கொண்டாந்துச்சு.”

“அப்ப தொடைக்கிறது பாவங்க” என்று சொல்லிக்கொண்டே துடைப்பார்.

அந்த ஞாயிறு நான் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் கொஸ்லந்தைக்கு ஒரு லொறி முடித்துக் கொடுக்க வேண்டும், பனி இறங்குமுன் மலை ஏற வேண்டும். நாலு மணிக்குக் கரையேறி என் ஒன்பதைத் திருப்பினேன். ஜெட்டிக்கு நூறு கஜத் தூரத்தில் சர்வேயரின் பாய் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பதினொன்று சிவப்பாய் இருந்தது. அதையும் திருப்பிவிட்டேன்.

ஏன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது என் அம்மா பிள்ளைக்குச் சுகமில்லாமல் பிந்திவிட்டால், பக்கத்துக் காம்பராக்காரி குரல் கொடுப்பாள். “இந்தா பின்னாடி வர்றாங்க கங்காணி.” கங்காணி பெயரைப் பதிந்துகொள்வார். அம்மா வந்து சேர்ந்துவிடுவாள். அதை லயத்தில் யாரும் பொய் என்று சொன்னதில்லை. வந்துகொண்டிருக்கிற ஆளுக்கு ஒரு கை உதவி, அவ்வளவுதான். என் கை அப்படி வளர்ந்த கை.

கொட்டகைக்காரர் பின்பக்கம் பாய்களை மடித்துக்கொண்டிருந்தார். “நான் வர்றேன்ப்பா” என்றேன். “சரிங்க மொதலாளி, பனிக்கு முந்திப் போயிருங்க” என்றார்.

சர்வேயர் கரைக்கு வரவில்லை. ஜெட்டி கிட்டத்தில் வந்தபோது நல்ல காற்று கிளம்ப, இன்னொரு சுற்றுப் போவோம் என்று படகைத் திருப்பியிருக்கிறார். நடு நீரில் ஒரு மீன்வலை படகின் அடிப்பலகையில் சிக்கிப் படகு கவிழ்ந்தது. விழுந்ததில் வலது தோள் கழன்றுவிட்டது. ஒற்றைக் கையால் படகை நிமிர்த்த முடியாது. கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சந்தை முடிந்து திரும்புகிற மோட்டார் வள்ளத்தைப் பார்த்து இடது கையை வீசினார். வள்ளத்தில் இருந்தவர்களும் கையை வீசினார்கள். ஞாயிற்றுக்கிழமை போட் கிளப்காரர்கள் கவிழ்ப்பது வழக்கம்தானே.

ஐந்து மணிக்குக் கொட்டகைக்காரர் போர்டைப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. சர்வேயரின் படகு கொட்டகையில் இல்லாததும் சந்தேகம் தரவில்லை. அவர் ஜெட்டியில் இறங்கி வில்லையைத் திருப்பிவிட்டுப் படகைக் கரையோரமாகவே ஓட்டிப்போய்த் தன் கேம்பில் கட்டுகிறவர். கேம்பின் சமையற்காரர், ஐயா என்னுடைய வேனில் பதுளைக்குப் போய்விட்டார் என்று நினைத்தார். பல ஞாயிறுகளில் அப்படிப் போயிருக்கிறார். கொட்டகைக்காரர் பூட்டிவிட்டு பஸ் ஏறினார்.

விடியற்காலை வலை எடுக்கப் போன மீன்காரர்கள்தான் கண்டார்கள். உயிர் இருந்தது.

பட்டறைக்கு போன் வந்தது. லொறியின் கடைசிப் பலகையை அடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, மிச்ச ஆணிகளையும் அடித்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று தெரியாது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“போர்டு இருக்குத்தானே எண்டு இருந்தன்” என்றார் சர்வேயர். உதடு வெடித்திருந்தது. “ஐஞ்சரைக்கு வருவாங்கள், ஆறுக்கு வருவாங்கள் எண்டு. பிறகு நினைக்கிறதை விட்டிட்டன்.”

நான் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சுளையாக நார் எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தோள் பிறகு முழுதாக உயரவே இல்லை. மாற்றம் வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் கமிட்டி கூடியது. துரை, ஒரு ஹோட்டல்காரர், ஒரு பேங்க் மேனேஜர், நான். கொட்டகைக்காரரை நிற்கவைத்து விசாரித்தார்கள். அவருடைய சிங்களம் சந்தைக்குக் காணும், விசாரணைக்குக் காணாது. ஆகவே மொழிபெயர்க்கச் சொன்னது என்னை. மூன்று மொழியும் வெளுத்து வாங்குவேன், அது எல்லாருக்கும் தெரியும்.

அவர் வேலைக்கு வந்த வேட்டியிலேயே வந்திருந்தார். கைகளை முன்னால் கோத்திருந்தார்.

“போர்டு வெள்ளையாத்தாங்க இருந்துச்சு. நான் திருப்பல.”

சொன்னேன். அப்படியானால் யார் திருப்பியது என்று துரை கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீயே எல்லாவற்றையும் திருப்பிவிட்டாயா என்று ஹோட்டல்காரர் கேட்டார். இரண்டையும் தமிழில் சொன்னேன்.

கொட்டகைக்காரர் என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார். பிறகு, “அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க மொதலாளி” என்றார்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பிரம்பு விட்டுப்போயிருந்தது, அதை விரலால் உள்ளே அழுத்திக்கொண்டே இருந்தேன். வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவானது. அதையும் நானே அவருக்குத் தமிழில் சொன்னேன். “சரிங்க” என்றார்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தோறும் போனேன். படகு ஓடியது. பந்தயத்தில் இரண்டு கோப்பை எடுத்தேன், பட்டறை அலமாரியில் இருக்கின்றன. கை வேலை செய்தது, வாய் பேசியது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. குளிர்காலத்தில் தகரம் பிடித்த விரல் மாதிரி. இருக்கிறது என்று தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. ராத்தூக்கம் கெட்டது என்று எழுதினால் நன்றாயிருக்கும். நான் நன்றாகத் தூங்கினேன்.

நாலைந்து வருஷம் கழித்து மொனராகலைக்கு ஒரு லொறி விஷயமாகப் போனபோது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவரைக் கண்டேன். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறாராம். இளைத்திருந்தார். எழுந்து நின்று, “வாங்க மொதலாளி” என்று எனக்கும் டீ சொன்னார்.

கொட்டகையில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகளைப் பற்றிக் கேட்டேன். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சராக இருப்பதாகச் சொன்னார்.

“கல்யாணத்துக்கு ரெண்டு எடம் பாத்துட்டுப் போயி நின்னுருச்சுங்க. ‘ஆள தண்ணில வுட்டுட்டு பஸ் ஏறுனவன் மக’ன்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். மூணாவதா ஒரு எடம் இருக்கு. ஒரு நாலு வரி எழுதித் தருவீங்களா? நான் திருப்பலன்னு. யாரு திருப்புனான்னு வேணாங்க. நான் திருப்பலன்னு மட்டும் போதும்.”

“ஒனக்குத் தெரியுமா?” என்றேன்.

“அன்னைக்கு ரெண்டு வில்லையில கரி இருந்துச்சு. நான்தானங்க தொடச்சேன்.”

“அப்ப ஏன்ப்பா கமிட்டில சொல்லல?”

“எப்புடிங்க சொல்ல? அன்னைக்கு எனக்கு வாயே நீங்கதான?” என்று சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். டீயை ஆற்றிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். எழுத்து எனக்கு ஓடாது, பட்டறைக் கிளார்க்கிடம் சொல்லி எழுதவைத்திருக்கலாம். நானே எழுதினேன், மூன்று தாள் வீணானது. பதினோராம் எண் வில்லையைத் திருப்பியவன் நான், கொட்டகைக்காரருக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை, கமிட்டியில் இருந்துகொண்டே நான் சொல்லாமல் விட்டேன். அவ்வளவுதான்.

ஒரு பிரதியை கிளப்புக்குக் கொண்டுபோனேன். எழுந்து நின்று சிங்களத்தில் வாசித்தேன். நாற்காலி போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் வாசித்தேன். பழைய கதை, இப்போது எதற்கு என்றார் துரை. தாளை ஃபைலில் போட்டார்கள். டீ வந்தது. நாற்காலி அங்கேயே இருந்தது, உட்கார்ந்தேன்.

இன்னொரு பிரதியோடு மொனராகலைக்குப் போனேன். மகள் வாசலில் நின்றபடியே வாங்கி, அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள். பாலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தேதி போடலையே அங்கிள்.”

“எந்தத் தேதி போடணும்? அன்னைக்கா, இன்னைக்கா?”

“இன்னைக்குத் தேதி போடுங்க. இன்னைக்குத்தான கொண்டாந்தீங்க.”

பேனாவை நீட்டினாள். தாளை முழங்காலில் வைத்துத் தேதி போட்டேன். கொடுக்கும்போது ஓரத்தில் என் பெருவிரல் பதிந்துவிட்டது. அவள் முந்தானை நுனியால் அதைத் துடைக்கப் போனாள்.

“தொடைக்காதம்மா, இருக்கட்டும்” என்றார் அவள் அப்பா.

அவள் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். பிறகு டீ போட உள்ளே போனவள், என் டீயில் சீனி போடலாமா என்று அங்கிருந்தே கேட்டாள். போடலாம் என்றேன்.