சுறா எண்ணெய் பூசிய ஜீப்

கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பங்கழியைத் தாண்டியிருந்த குப்பத்தில் கண்ணாயிரத்தின் ஜீப்பைத் தெரியாதவர் கிடையாது. யுத்த காலத்து மிலிட்டரி ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம். ஏலத்தில் எடுத்த மீன் வியாபாரி அதோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனார். அவரிடம் டிரைவராக இருந்த கண்ணாயிரமே வாங்கிக்கொண்டான். திங்கள் முதல் சனி வரை ஐஸ் கம்பெனிக்காக மீன் பெட்டிகளை ஏற்றி, மணலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவான். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்திருப்பான்.

யாரிடமும் வேலை கற்றவனில்லை. கழற்றிய சாமான்களைக் கோணி மேல் வரிசையாக வைப்பான். மாட்டும்போது கடைசியில் கழற்றியதிலிருந்து திரும்பி வருவான். ஒரே ஒரு வாஷர் மிஞ்சினாலும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவான். மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத்தண்ணீர் பின்பக்கத் தகட்டை அரித்துத் தின்றபோது, அதை வெட்டி எறிந்துவிட்டுப் படகுப் பலகை அடித்து, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தான். மேல்கூரை, கிழிந்த பாய்த்துணி. "துடுப்பு எங்க கண்ணாயிரம்?" என்று கரையில் கேட்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

அந்த வண்டிதான் அவனைத் தரையில் வைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அவன் போன படகு கவிழ்ந்தது. ஒரு மரத்துண்டைக் கட்டிக்கொண்டு விடியும் வரை கிடந்தான். கூட இருந்த அண்ணன் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் படகில் கால் வைத்ததில்லை. மாமனார் படகில் அவனுக்கு ஓர் இடம் எப்போதும் இருந்தது. வாடகை ஓட்டம் நின்றால் அங்கேதான் போக வேண்டும். வேறு பிழைப்பு அந்தக் குப்பத்தில் இல்லை.

1964-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஜீப்பின் எஃப்.சி. ஒரு திங்கட்கிழமையோடு முடிந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு நாள் சிதம்பரத்தில் கேம்ப் போடுவார். அதிர்ஷ்டவசமாக அந்தத் திங்கட்கிழமையே கேம்ப். அன்று தேறாவிட்டால் அடுத்த கேம்ப் வரை வாடகைக்கு ஓட்டக்கூடாது. ஐஸ் கம்பெனி ஒரு மாதம் காத்திருக்காது.

முந்தின நாள் ஞாயிறு காலை நாலு சக்கரத்தையும் பிரேக் டிரம்களையும் கழற்றிப் பனங்கட்டைகள் மேல் வண்டியை நிறுத்தினான். பிரேக் சிலிண்டர்களில் இருந்த ரப்பர் கப்புகள் உப்பிப்போயிருந்தன. கடைகள் மூடியிருந்ததால், சாமான் கடைக்காரரை வீட்டில் பிடிக்கச் செம்மண்டலத்துக்கு சைக்கிளில் போனான். அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடையைத் திறந்து கொடுக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தபோது ஜீப்பின் அடிப்பாகம் முழுவதும் பளபளவென்றிருந்தது. மனைவியின் தம்பி சிற்றம்பலம் கையில் தேங்காய் மட்டையோடு நின்றான். இருபத்தாறு வயது, மாமனார் படகை ஓட்டுகிறவன் அவன்தான்.

"என்ன மச்சான் இது?"

"சுறா எண்ணெ மாமா. படகுக்கு வச்சிருந்தது. நாளைக்கு ஆபீசர் பாக்கறாரில்ல? துருவெல்லாம் எங்க போச்சு பாருங்க."

"பிரேக்குல பூசினியா?"

"லைனிங்ல ஒரு சொட்டு படல. நீங்க கத்துவீங்கன்னு தெரியாதா எனக்கு? லைனிங்குக்குப் பின்னாடி இருக்கற தகடு, ஸ்பிரிங்கு, அவ்ளோதான். காலையில காஞ்சு இறுகிடும்."

டிரம்மை உரசி நிறுத்துகிற லைனிங்கைக் கண்ணாயிரம் விரலால் தடவினான். காய்ந்திருந்தது. துணியால் ஸ்பிரிங்குகளைத் துடைத்தான். கழுவி விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றான். வெளிச்சம் இருக்கும்போதே கப்புகளை மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை எடுத்தாக வேண்டும். அவனும் படகுக் குடும்பத்தில் பிறந்தவன்தான்; ராத்திரி பூசிய சுறா எண்ணெய் காலையில் பிசின் மாதிரி இறுகியிருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். அது மரம் குடிக்கிற எண்ணெய், இரும்பு குடிக்காது என்பது அன்று அவனுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். வழியில் டயர் மாற்ற ஆள் வேண்டுமே என்று சிற்றம்பலம் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆலப்பாக்கம் வரை பிரேக் கல் மாதிரி பிடித்தது. புதுச்சத்திரம் தாண்டி வெயில் ஏறியது.

"யாரோ மீன் வறுக்கறாங்க மாமா," என்றான் சிற்றம்பலம். இரண்டு பக்கமும் வெறும் வயல்.

அந்த வாசனை கண்ணாயிரத்துக்கும் வந்தது. அடுத்த மரத்தடியில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தான். ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் நேரம் போகும். மூன்று மணிக்குக் கேம்ப் முடிந்துவிடும், வரிசையில் முன்னால் நின்றால்தான் முறை வரும். புவனகிரி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது முன்னால் ஒரு கூண்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு ஒரு பெண், மடியில் குழந்தையோடு இவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாயிரம் பிரேக்கை மிதித்தான். ஜீப் நிற்காமல் வலது பக்கம் பாய்ந்தது. எதிரே பஸ். காலை எடுத்து ஸ்டியரிங்கை ஒடித்து மறுபடி மாட்டு வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கம்பி மேலே வந்தது, வேகம் குறையவில்லை.

"மாமா! மாமா!"

"சும்மா இரு!"

மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்குத் தள்ளினான். இன்ஜின் அலறியது. முதல் கியர் விழ மறுத்தது. இன்னொரு தடவை கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, உள்ளங்கையால் அடித்துத் தள்ளினான். பற்கள் கரகரவென்று அரைபட்டு, பிடித்தன. வண்டியின் மூக்கு அந்தப் பெண்ணின் பாதங்களுக்கு ஒரு முழத்தில் நின்றது. அவள் கால்களை மெல்ல மேலே இழுத்து மடக்கிக்கொண்டாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்க்காமலே மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

ஓரமாக ஒதுக்கி நிறுத்தியதும் சிற்றம்பலம் இறங்கிச் சக்கரத்தை மோந்து பார்த்தான். "நம்ம எண்ணெ," என்றான்.

"சூட்டுல இளகி உள்ள எறங்கிடுச்சு. இடது பக்கம் ஜாஸ்தி, அதான் வலது பக்கம் இழுக்குது. ஜாக்கி எடு."

நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். டாங்கிலிருந்து பெட்ரோல் பிடித்து டிரம்களைக் கழுவினான். லைனிங் கட்டைகளை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய், மேலே பெட்ரோல் தெளித்துக் கொளுத்தினான். கருப்புப் புகை வந்தது. புகை வெளுக்கும் வரை விட்டு, ஆறவைத்து, உப்புத்தாளால் தேய்த்தான். இரண்டாம் தடவையும் கொளுத்தினான். போதும் என்று சிற்றம்பலம் சொன்னபோது ஒரு கட்டையை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவையும் கொளுத்தினான்.

ஹேண்ட் பிரேக் வேறு மாதிரி. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழல்கிற டிரம்மை வெளியிலிருந்து ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். மூடி கிடையாது. மட்டையால் அடித்த எண்ணெய் முழுவதும் அதன் மேலேதான் விழுந்திருந்தது. கொளுத்தியதும் அந்தப் பட்டையின் நெசவு கருகி உதிரத் தொடங்கியது. அணைத்து, துடைத்து, மிச்சத்தை மாட்டினான். சமதரையில் பிடித்தது. மணி ஒன்றரை.

கேம்ப் நடந்த இடத்தில் இவர்களுக்கு முன்னால் இரண்டு லாரிகள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, காலில் தோல் செருப்பு. ஜீப்பை ஒரு சுற்று வந்தார்.

"வண்டிக்கு என்ன வயசுய்யா?"

"என்னைவிடப் பத்து வருஷம் சின்னதுங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே. அடியில என்ன, மீன் கொழம்பு வச்சியா?"

சுற்றி நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாயிரத்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முப்பது மைல் வேகத்தில் ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொன்னார். ஜீப் நேராக நின்றது. "மறுபடி." நின்றது. "இன்னொரு தடவை." சூடேறிய டிரம்மிலிருந்து வாசனை வருமோ என்று கண்ணாயிரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தான். நாலு கோடுகளும் மண்ணில் ஒரே அளவாக விழுந்தன. இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அதோ அந்த வாய்க்கால் பாலத்து ஏத்தத்துல நிறுத்து. ஹேண்ட் பிரேக் பாக்கணும்."

ஏற்றத்தில் நிறுத்திக் கால் பிரேக்கில் பிடித்திருந்தான். இன்ஸ்பெக்டர் முன்பக்கம் விளக்குகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் சிற்றம்பலம் வந்து நின்றான். அவன் காலடியில் தேங்காய் அளவுக்கு ஒரு கல். கண்ணாயிரத்தைப் பார்த்தான். காலால் கல்லைச் சக்கரத்தின் பக்கம் அரை அடி நகர்த்தினான். ஒரு உதை போதும், ஜீப் நிற்கும்.

"இழு," என்றார் இன்ஸ்பெக்டர் முன்னாலிருந்து.

கண்ணாயிரம் கம்பியை இழுத்தான். கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சரிவின் கீழே, பள்ளிக்கூடம் விட்டோ என்னவோ, ரோட்டோரமாக நாலைந்து பிள்ளைகள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"கால எடுய்யா."

"எடுத்தா உருண்டுடும் சார். பட்டை கருகிடுச்சு. ஹேண்ட் பிரேக் நிக்காது."

சிற்றம்பலம் கண்களை மூடிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து, பக்கவாட்டில் வந்து, அவன் காலையும் கம்பியையும் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் கல்லைப் பார்த்தார். பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்.

"கால் பிரேக் நல்லாப் பண்ணியிருக்க. பட்டைய மாத்திக்கிட்டு அடுத்த கேம்ப்புக்கு வா."

"இன்னிக்கோட தேதி முடியுது சார்."

"தெரியும்," என்று காகிதத்தைக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் புவனகிரியைத் தாண்டினார்கள்.

"கல்லு நின்னிருக்கும் மாமா," என்றான் சிற்றம்பலம்.

"நின்னிருக்கும்."

"எம் மேல கோவமா?"

"நேத்தே கழுவியிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்."

வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாயிரம் வழியிலேயே ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டிருந்தான். நாளையிலிருந்து ஒரு லாரி பிடித்துக்கொள்வதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். வாசலில் மனைவி குணசுந்தரி நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு மாசமா?" என்றாள்.

"ஒரு மாசம். உங்கப்பா படகுல ஆள் கொறையுதுன்னாரே. காலையில எழுப்பி விடு."

பன்னிரண்டு வருஷமாக இந்தப் பேச்சு அந்த வீட்டில் வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"வெறும் வயித்துல ஏறாதீங்க," என்றாள். "கஞ்சி கரைச்சு வைக்கறேன்."

"குடிச்சா வாந்தி வராதா?"

"வரும். எங்க தம்பிக்கே மொத மாசம் வந்துச்சு. நிக்கறதுக்குத் தெம்பு வேணுமில்ல?"

கண்ணாயிரம் கிணற்றடிக்குப் போய்க் கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். சிற்றம்பலம் தண்ணீர் இறைத்து ஊற்றினான். "நீங்க என் பக்கத்துல உக்காருங்க மாமா, சுக்கான்கிட்ட," என்றான். "அங்கதான் ஆட்டம் கம்மி."